பீட்பாக்ஸுக்கு ஹிப்-ஹாப்பில் என்ன இடம்?

கேள்வி இதுதான்: ஹிப்-ஹாப் என்றால் ராப், டிஜே, பிரேக் நடனம், சுவரில் வரையும் கிராஃபிட்டி என்று நான்கைச் சொல்கிறார்கள். வாயாலேயே டிரம்ஸ் வாசிக்கும் பீட்பாக்ஸ் இந்தக் கணக்கில் வருமா? அல்லது மேடையில் கைதட்டல் வாங்கும் ஒரு மிமிக்ரி வித்தை மட்டும்தானா?

வரும், சந்தேகமே வேண்டாம். பீட்பாக்ஸ் ஹிப்-ஹாப்பின் முழு உறுப்பு. இசைத்தட்டு நிறுவனங்களுக்கு அது சில ஆண்டுகள் மட்டுமே தேவைப்பட்டது. வெளிவந்த தட்டுகளை மட்டும் வைத்து வரலாறு எழுதுகிறவர்கள் அதை அடிக்குறிப்புக்குள் தள்ளிவிடுவதற்கு அதுவே காரணம். தெருமுனையிலும் பள்ளி உணவுக்கூடத்திலும் அது ஒருபோதும் நிற்கவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கலைக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் நடந்த விருந்தைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அங்கே இசைத்தட்டுகளை ஓட்டியவர் டிஜே கூல் ஹெர்க். தாளம் தூக்கலான ஃபங்க் பாடல்களில் குரல் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகள் வரும். ஒரே பாடலின் இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு அந்த விநாடிகளை நிமிடக்கணக்கில் நீட்டியது அவருடைய புதுமை. கூட்டம் ஆடுவதற்குக் காத்திருந்ததும் அந்த இடத்துக்காகத்தான். ஆகவே இந்தக் கலையின் உயிர்நிலை முதல் நாளிலிருந்தே தாளம். சொல் பிறகு வந்து சேர்ந்தது.

அந்தத் தாளத்தை வரவழைக்கத் தட்டுகளைச் சுழற்றும் டர்ன்டேபிள் இரண்டு, ஒரு மிக்சர், ஆம்ப்ளிஃபயர், ஆளுயர ஸ்பீக்கர்கள், பெட்டி பெட்டியாக இசைத்தட்டுகள் எல்லாம் வேண்டும். பூங்காவில் நடத்துவதானால் விளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் இழுக்க வேண்டும். பிராங்க்ஸிலும் ஹார்லெமிலும் புரூக்ளினிலும் இவ்வளவும் வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. 1975இல் நியூயார்க் நகராட்சி திவாலின் விளிம்புக்குப் போய் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை வேலையிலிருந்து அனுப்பியது. பள்ளியில் ஒரு வாத்தியத்தைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பும் ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்துபோன காலம் அது.

டிரம்ஸ் ஒலியைத் தானே எழுப்பும் டிரம் மெஷின்களில் புதிய வகைகள் 1980 வாக்கில் வந்தன. லின் எல்எம்-1 என்ற இயந்திரத்தின் விலை ஏறத்தாழ 5,000 டாலர். அதே ஆண்டு வந்த ரோலண்ட் டிஆர்-808 மலிவு, ஆனால் அதற்கும் 1,200 டாலர் அளவுக்கு வேண்டும். நலிந்த பகுதியில் வளரும் பதினான்கு வயதுப் பையனுக்கு இரண்டுமே ஒன்றுதான், கைக்கு எட்டாதவை. இந்த இயந்திரங்களைப் பேச்சுவழக்கில் 'பீட் பாக்ஸ்' என்று அழைத்தார்கள். அதன் ஒலியை வாயால் எழுப்பிக் காட்டியவன் 'மனித பீட் பாக்ஸ்' ஆனான்.

பீட்பாக்ஸர்கள் முதலில் போலச் செய்தது தோல் கட்டிய டிரம்ஸை என்று நினைப்பது தவறு. அவர்கள் போலச் செய்தது இயந்திரத்தை. 808இன் நீண்டு அதிரும் கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின் ஒலி), அதன் செயற்கையான கைதட்டல் ஒலி, டிஜே தட்டை முன்னும் பின்னும் தேய்க்கும் ஸ்க்ராட்ச் ஓசை, இவையே அவர்களுடைய அகராதி. மனிதனைப் போல வாசிக்க இயந்திரம் செய்தார்கள், அந்த இயந்திரத்தைப் போல மனிதன் வாசித்தான். பின்னாளில் டிஎம்எக்ஸ் என்று உலகப் புகழ் பெற்ற ராப்பர், நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸ் நகரில் இன்னொரு ராப்பருக்குப் பீட்பாக்ஸ் செய்துகொண்டிருந்த சிறுவனாகத்தான் தொடங்கினார். ஓபர்ஹைம் நிறுவனத்தின் டிஎம்எக்ஸ் டிரம் மெஷினின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டார். அந்தத் தலைமுறை இயந்திரத்தை எப்படிப் பார்த்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இதற்கு முன்னோர் யாருமே இல்லையா என்றால், உண்டு. 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டே வந்த சட்டம், அவர்கள் முரசு வைத்திருப்பதைத் தடை செய்தது. முரசொலியால் சேதி பரவும் என்ற பயம். முரசைப் பறித்தபின் கை, தொடை, மார்பு, பாதம் ஆகியவற்றில் தட்டித் தாளம் எழுப்பும் ஜூபா என்ற வழக்கம் கறுப்பின மக்களிடையே வேரூன்றியது. 1930களில் ஓஹையோ மாநிலத்தின் பிக்வா ஊரைச் சேர்ந்த மில்ஸ் சகோதரர்கள் டிரம்பெட்டையும் டியூபாவையும் வாயாலேயே வாசித்தார்கள். ஒரு கித்தாரைத் தவிர வேறு வாத்தியம் எதுவும் பயன்படுத்தப்படவில்லை என்று அவர்களுடைய இசைத்தட்டில் அச்சிடவேண்டி வந்தது, இல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள். ஹார்லெமில் பீட்பாக்ஸ் செய்த பையன் இவர்களைக் கேட்டுத்தான் கற்றான் என்று நேர்க்கோடு இழுக்கமாட்டேன். ஆனால் உடம்பே வாத்தியம் என்ற எண்ணம் அந்தச் சமூகத்துக்குப் புதிதாக இருக்கவில்லை.

முதல் மனித பீட் பாக்ஸ் யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்க்க வேண்டியதும் இல்லை என்பது என் கருத்து. ஒரே நேரத்தில் பல தெருக்களில் முளைத்த கலை அது. ஆனால் இசைத்தட்டில் ஏறி நாடு முழுவதும் கேட்ட குரல்கள் என்றால் மூவரைச் சொல்லவேண்டும்.

புரூக்ளினின் கிழக்கு நியூயார்க் பகுதியைச் சேர்ந்தவர் டேரன் ராபின்சன், பஃபி என்று அழைப்பார்கள். டிஸ்கோ 3 என்ற பெயரில் அவரும் இரண்டு நண்பர்களும் 1983இல் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் நடந்த திறமைப் போட்டியில் வென்றார்கள். பிறகு ஃபேட் பாய்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு 1984இல் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். பஃபியின் பாணி முழுக்க மூச்சு. கிக்குக்கும் ஸ்னேர் என்ற சிறு டிரம்மின் கூர்மையான அடிக்கும் இடையில் அவர் வேகமாக இழுத்து விடும் மூச்சொலியே ஒரு தாள வாத்தியம்போலக் கேட்கும். மற்றவர்கள் மூச்சு வாங்குவதை மறைத்தார்கள், அவர் அதையே முன்னால் நிறுத்தினார். மூவரும் பருமனானவர்கள் என்பதை வைத்து நகைச்சுவையாகவே அவர்களை விற்றார்கள், படங்களிலும் அப்படித்தான் நடிக்கவைத்தார்கள். அந்தச் சிரிப்பில் பஃபியின் இசைத்திறன் பாதி மறைந்துபோனது என்று எனக்கு இன்றும் வருத்தம். 1995 டிசம்பரில் 28 வயதில் அவர் இறந்துவிட்டார்.

பிஸ் மார்க்கி ஹார்லெமில் பிறந்து லாங் ஐலண்டில் வளர்ந்தவர். ஜூஸ் க்ரூ என்ற குழுவில் ராப்பர் ராக்ஸான் ஷாந்தேவுக்குப் பீட்பாக்ஸ் செய்து அறிமுகமானார். 1986இல் அவருடைய பெயரிலேயே வந்த பாடலின் தலைப்பு, வாயாலேயே இசை செய் என்று அவரைக் கேட்டுக்கொள்வதாக அமைந்தது. அவரிடம் கம்பீரம் கிடையாது, குழைவு உண்டு. ஒலிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வரும், வேண்டுமென்றே கொஞ்சம் தளர்த்திப் பிடிப்பார். கேட்கிறவருக்குத் தானும் செய்து பார்க்கலாமே என்று தோன்றும். அது சாதாரண ஆற்றல் இல்லை. பின்னாளில் ஒரு குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரில் அவர் பீட்பாக்ஸ் சொல்லிக்கொடுக்கும் பகுதி வந்தது. அமெரிக்காவில் இன்றைய இளைஞர்கள் பலர் முதல் பாடத்தை அவரிடமிருந்தே கற்றார்கள். 2021 ஜூலையில் காலமானார்.

மூன்றாமவர் டக் ஈ. ஃப்ரெஷ். பார்படோஸ் தீவில் பிறந்து ஹார்லெமில் வளர்ந்தவர், துல்லியத்தின் ஆள். 1985இல் ராப்பர் ஸ்லிக் ரிக்கோடு சேர்ந்து அவர் வெளியிட்ட தட்டின் முதல் பக்கத்தில் 'தி ஷோ', மறுபக்கத்தில் 'லா டி டா டி'. முதல் பக்கம் டிரம் மெஷினும் கீபோர்டும் ஸ்க்ராட்சும் நிறைந்த கொண்டாட்டம். மறுபக்கத்தில் எந்த வாத்தியமும் இல்லை, ஒரு வாய் தாளம் போடுகிறது, இன்னொரு வாய் கதை சொல்கிறது.

அந்த மறுபக்கத்தைக் கொஞ்சம் அருகில் போய்க் கேட்கவேண்டும். லண்டனில் பிறந்து பிராங்க்ஸுக்கு வந்த ஸ்லிக் ரிக் அவசரமே இல்லாமல் கதை சொல்வார், இங்கிலாந்து உச்சரிப்பின் சாயல் இருக்கும், நடுநடுவே பெண் குரலில் பேசுவார், பாடுவார். டக் ஈ. ஃப்ரெஷ் அவருக்குப் பின்னால் ஒரே தாளத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருக்கவில்லை. ரிக் ஒரு வரியை முடிக்கும் இடம் தெரிந்து அங்கே கிக்கை எடுத்துவிடுகிறார். அவர் சொல்லுக்குத் தயங்கினால் நாக்கை உருட்டி ஒரு கிளிக் வரிசையால் அந்த இடைவெளியை நிரப்புகிறார். டிரம் மெஷினால் இது முடியாது, அது யார் பேசுவதையும் கேட்பதில்லை. பீட்பாக்ஸரோ ராப்பரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார். அமெரிக்க ராப்பில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட, வெட்டி ஒட்டப்பட்ட பாடல்களில் இதுவும் ஒன்று. ஸ்னூப் டாக் 1993இல் இதை ஏறக்குறைய முழுதாகவே மறுபடி பாடினார். நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் 1997 பாடல் ஒன்றின் பல்லவி இதிலிருந்து எடுத்து மாற்றியது. வாத்தியமே இல்லாத பதிவு ஒன்று இத்தனை பாடல்களுக்கு அடித்தளமானதை நினைத்துப் பாருங்கள்.

இனி, ஒலி எப்படி வருகிறது என்று பார்ப்போம். அடிப்படை மூன்று: கிக், ஹை-ஹாட் (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் ஜோடித் தாளத்தட்டுகள்), ஸ்னேர். உதட்டை இறுக்கி மூடி 'ப்' என்று வெடிக்கவிட்டால் கிக். பல்லுக்குப் பின்னால் நாக்கை வைத்து 'ட்ஸ்' என்றால் ஹை-ஹாட். 'க்' அல்லது உதடும் காற்றும் சேர்ந்த 'ப்ஃப்' ஸ்னேர். நான்கு எண்ணிக்கையில் முதலாவதிலும் மூன்றாவதிலும் கிக், இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர், இடையிடையே ஹை-ஹாட். ஐந்து நிமிடத்தில் யாரும் தொடங்கிவிடலாம்.

சிக்கல் அடுத்த நிமிடத்தில் வரும்: மூச்சு. நுரையீரலிலிருந்து காற்றை வெளியே தள்ளியே எல்லா ஒலியும் எழுப்பினால் எட்டுப் பத்து சுற்றுக்குள் காற்று தீர்ந்துவிடும். நிறுத்தி மூச்சு வாங்கினால் தாளத்தில் ஓட்டை விழும். இதற்கு இரண்டு வழிகளைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று, நுரையீரலைத் தொடாமல் தொண்டையையே பம்பாக்குவது. குரல்வளையை மூடிக்கொண்டு அதைச் சட்டென்று மேலே தூக்கினால், வாய்க்குள் அடைபட்ட கொஞ்சக் காற்று அழுந்தி வெடிக்கும். கிக்குக்கு அவ்வளவு காற்று போதும். இன்னொரு வழி, ஒலியை உள்நோக்கி எழுப்புவது. 'க்' ஸ்னேரை மூச்சை உள்ளே இழுத்தபடி அடிப்பது இதில் பேர்போனது. இதைப் பரப்பியவராக நியூயார்க்கின் கென்னி முகம்மதைச் சொல்வார்கள். அடிக்கும் செயலே மூச்சு வாங்கும் செயலும் ஆகிவிடுவதால் தாளம் அறாது. கேட்கிறவருக்கு இவர் எப்போது மூச்சு விடுகிறார் என்றே தெரியாது. விடை, ஒவ்வொரு ஸ்னேரிலும்.

மைக் பிடிப்பதும் கலையின் ஒரு பகுதி. மேடைகளில் சாதாரணமாகப் பயன்படும் டைனமிக் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தால் தாழ்ந்த ஒலிகள் தடித்துக் கேட்கும். அதன் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டால் உதட்டில் வெடித்த சிறு ஒலி அரங்கையே அதிரவைக்கும் கிக் ஆகிறது. ஒலிப்பொறியாளர்கள் செய்யக்கூடாது என்று சொல்லும் பிடி இது. பீட்பாக்ஸர்களுக்கு இதுவே அரிச்சுவடி.

இதை அறிவியலாளர்களும் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, பீட்பாக்ஸர் ஒருவரை எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, வாசிக்கும்போதே அவருடைய நாக்கும் அண்ணமும் குரல்வளையும் அசைவதைப் படம்பிடித்து 2013இல் கட்டுரை வெளியிட்டது. அந்தக் குழுவில் ஒருவர், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துச் சென்ற ஷ்ரீகாந்த் நாராயணன். அவர்கள் படம்பிடித்த கலைஞருக்குத் தெரிந்த மொழிகள் ஆங்கிலமும் ஸ்பானிஷும். ஆனால் அவர் வாயில் வந்த ஒலிகள் பல அந்த இரண்டு மொழிகளிலும் இல்லாதவை. தொண்டையை மூடி வெடிக்கும் ஒலிகள் காகசஸ் மலைப்பகுதி மொழிகளிலும் அமெரிக்கப் பழங்குடி மொழிகளிலும் உண்டு. நாக்கால் சொடுக்கும் கிளிக் ஒலிகள் தென்னாப்பிரிக்க மொழிகளில் எழுத்துகளாகவே இருப்பவை. அந்த மொழிகளைக் கேட்டே இராதவர், டிரம் மெஷினைப் பிடிக்கும் முயற்சியில் தானாகவே அந்த ஒலிகளைக் கண்டடைந்திருக்கிறார். எனக்கு இந்தக் கட்டுரையைப் படித்தபோது உண்டான சிலிர்ப்பு இன்னும் போகவில்லை. மனித வாய் எவ்வளவு செய்யவல்லது என்பதில் ஒரு சிறு பங்கைத்தான் ஒவ்வொரு மொழியும் எடுத்துக்கொள்கிறது. மீதியைப் பிராங்க்ஸ் பையன்கள் தேடிப்போனார்கள்.

இவ்வளவு வளமான கலை 1980களின் இறுதியில் இசைத்தட்டுகளிலிருந்து ஏன் மறைந்தது? காரணம் சாம்பிளர், அதாவது ஏற்கெனவே பதிவான பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சேமித்துத் திரும்ப வாசிக்கும் கருவி. 1987இல் எஸ்பி-1200, 1988இல் எம்பிசி60 என்ற இயந்திரங்கள் வந்தன. எஸ்பி-1200இல் மொத்தம் பத்து விநாடி ஒலியைத்தான் சேமிக்க முடியும். ஆனால் அந்தப் பத்து விநாடிக்குள் ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் டிரம்மரையே அடைத்துவிடலாம். உண்மையான டிரம்ஸ் ஒலி பையில் இருக்கும்போது தயாரிப்பாளருக்கு வாயால் வாசிப்பவர் எதற்கு? ஃபிலடெல்ஃபியாவின் ரெடி ராக் சி, புரூக்ளினின் ஸ்டெட்சாசோனிக் குழுவில் இருந்த வைஸ் போன்ற அருமையான கலைஞர்கள் எல்லாம் அந்த அலை வடியும் நேரத்தில் வந்தவர்கள். 1991 டிசம்பரில் சாம்பிள் எடுப்பதற்கே கடிவாளம் போட்ட நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதில் எதிர்த்தரப்பில் நின்றவர் பிஸ் மார்க்கி. பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாடலை அனுமதியின்றி எடுத்துக்கொண்டார் என்பது வழக்கு. 'திருடாதே' என்ற பைபிள் கட்டளையோடு நீதிபதி தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு சாம்பிளுக்கும் பணம் கொடுத்து அனுமதி வாங்கும் காலம் பிறந்தது. யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லாத ஒரே தாளம் வாயில் இருந்தது, ஆனால் நிறுவனங்கள் அதன் பக்கம் திரும்பவில்லை. அதைப் பழைய பாணி என்று முடிவுகட்டியிருந்தார்கள்.

இங்கேதான் வரலாற்றாசிரியர்கள் தவறுகிறார்கள் என்கிறேன். 1990களில் பீட்பாக்ஸ் செத்துவிட்டது என்று எழுதுவார்கள். சைஃபர் என்றால் என்னவென்று தெரிந்தவர் அப்படி எழுதமாட்டார். நான்கைந்து பேர் வட்டமாக நிற்பார்கள், ஒருவர் தாளம் கொடுப்பார், மற்றவர்கள் முறைவைத்து அங்கேயே இட்டுக்கட்டி ராப் செய்வார்கள். ரயில் நிலையத்திலோ பள்ளி வாசலிலோ நடக்கும் இந்த வட்டத்துக்கு டர்ன்டேபிள் வராது. உணவுக்கூட மேசையில் முஷ்டியாலும் பேனாவாலும் தட்டுவார்கள், அல்லது ஒருவர் வாயால் கொடுப்பார். அமெரிக்காவின் பெரிய ராப்பர்கள் பலர் சொல்லெடுக்கப் பழகியது இப்படி வாய் கொடுத்த தாளத்தின் மேல்தான். பெயர் தெரியாத அந்தத் தாளக்காரர்களைத் தட்டுகளின் பின்னட்டையில் தேடினால் எப்படிக் கிடைப்பார்கள்?

தட்டுகளுக்கும் அது திரும்பி வந்தது, தி ரூட்ஸ் குழுவின் வழியாக. ஃபிலடெல்ஃபியாவின் இந்தக் குழு நேரடி வாத்தியங்களோடு ராப் செய்தது. அதில் ராஸெல், ஸ்க்ராட்ச் என்று இரண்டு பீட்பாக்ஸர்கள். குவெஸ்ட்லவ் போன்ற ஒரு டிரம்மர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வாயால் டிரம்ஸ் செய்பவருக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஸ்க்ராட்ச், டிஜேயின் பணியை வாயால் செய்தார், தட்டு தேயும் ஓசை, குரல் வெட்டுப்பட்டுத் திரும்பும் ஓசை எல்லாம் அவருடையவை. ராஸெல் முழு இசைக்குழுவையும் செய்தார்.

1999இல் வந்த ராஸெலின் தனி ஆல்பத்தின் இறுதியில் ஒரு நேரடிப் பதிவு ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது. தாளத்தையும் பல்லவியையும் ஒரே நேரத்தில் செய்யப்போகிறேன் என்று சபையில் அறிவித்துவிட்டுச் செய்துகாட்டுகிறார். பாடகி அலியா பாடிய ஒரு பாடலின் வரியைக் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொண்டது அது. ரகசியம் காலக்கணிப்பில் இருக்கிறது. வாய் ஒரு கணத்தில் ஒரு வேலையைத்தான் செய்ய முடியும். ஆகவே ஒவ்வொரு தாள அடியையும் பாடல் சொல்லின் வாசலில் வைத்துவிடுகிறார். 'இஃப்' என்ற சொல்லுக்கு முன் கிக்கின் 'ப்' ஒட்டிக்கொள்கிறது, 'மதர்' என்ற சொல்லுக்கு முன் ஸ்னேர் வந்து விழுகிறது. அடி முடிந்த மறுகணமே உயிரொலி தொடங்கிவிடுவதால், கேட்கிறவரின் காது இரண்டையும் பிரித்து, அடியை டிரம்மருக்கும் உயிரொலியைப் பாடகருக்கும் கொடுத்துவிடுகிறது. இரண்டு பேர் இருப்பதாக நம்புவது நாம்தான். அந்தப் பதிவில் கூட்டம் கத்துவதைக் கேளுங்கள், நம்ப முடியாதவர்களின் கத்தல் அது. இன்று உலகெங்கும் பீட்பாக்ஸ் செய்பவர்கள் பலருக்கு அந்த நிமிடம்தான் தீட்சை.

அதன்பின் கதை அமெரிக்காவை விட்டு வெளியே ஓடியது. இணையத்தில் பாடங்களும் காணொளிகளும் பரவின. 2005இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உலகப் போட்டி நடந்தபோது ஆண்கள் பிரிவில் வென்றவர் ஆஸ்திரேலியாவின் ஜோயல் டர்னர். பெண்கள் பிரிவில் கலிஃபோர்னியாவின் பட்டர்ஸ்காட்ச். அடுத்தடுத்த போட்டிகளில் சுவிட்சர்லாந்து, பல்கேரியா, பிரான்ஸ் என்று ஆண்கள் பட்டம் ஐரோப்பாவிலேயே சுற்றியது. பெண்கள் பிரிவில் நியூயார்க்கின் கைலா முல்லாடி 2015இலும் 2018இலும் வென்றார். தாளம் போட்டுக்கொண்டே ராப் செய்வதில் அவர் கைதேர்ந்தவர், நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடை வரை அதைக் கொண்டுபோனார். பீட்பாக்ஸ் என்றாலே ஆண்களின் போட்டி என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு பெண்களையும் கேட்கவேண்டும்.

ஐரோப்பியக் கலைஞர்களின் வேகமும் ஒலிவளமும் அசாத்தியமானவை, அதை மறுக்கமாட்டேன். தொண்டையின் ஆழத்திலிருந்து எழும் பேஸ் என்ற தாழ்ந்த ஒலி, ஒரே நேரத்தில் மூன்று நான்கு ஒலி, பதிந்த ஒலியைத் திருப்பித் திருப்பி ஓட்டும் லூப் ஸ்டேஷனில் அடுக்கடுக்காகச் சேர்த்து ஒரு ஆளே ஒரு முழுப் பாடலைக் கட்டுவது என்று எங்கோ போய்விட்டார்கள். ஆனால் இரண்டு நிமிடத்துக்குள் நடுவரை அசத்தவேண்டும் என்ற போட்டி விதி வந்தபின், இன்னொருவருக்கு இடம் விட்டு வாசிக்கும் பழக்கம் குறைந்துவிட்டது. பென்டடோனிக்ஸ் போன்ற வாத்தியமில்லாக் குழுக்களில் பீட்பாக்ஸர் இன்று தவிர்க்க முடியாத ஆள். அந்தக் குழுவின் கெவின் ஒலுசோலா செல்லோ வாசித்தபடியே தாளமும் போடுவார், அற்புதமான இசைக்கலைஞர். ஆனாலும் அங்கே பீட்பாக்ஸ் பாப் பாடலுக்கான பின்னணி. அதைக் கேட்டு வளர்பவருக்கு இது ஹார்லெமிலிருந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை. கறுப்பின இளைஞர்கள் ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்கிய கலைக்கு அவர்களுடைய பெயர் ஒட்டாமல் போவது எனக்கு ஒப்பவில்லை.

பிராங்க்ஸிலேயே இது வேறொரு வழியிலும் உயிரோடு இருக்கிறது. அங்குள்ள லாவெல் பார்வையற்றோர் பள்ளியில் பீட்பாக்ஸர்கள் மாணவர்களுக்கு இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்து வருகிறார்கள். உதடு, நாக்கு, மூச்சு ஆகியவற்றைத் தனித்தனியே ஆளப் பழகுவது பேச்சுப் பயிற்சியாகவும் அமைகிறது. 'ப்' தெளிவாக வராத குழந்தையை அதை நூறு முறை சொல்லச் சொன்னால் சலித்துவிடும். கிக்காக அடிக்கச் சொன்னால் விளையாட்டு.

இனி அந்த எண்ணிக்கை விவகாரம். நான்கு கூறுகள் என்ற பட்டியல் பிராங்க்ஸ் டிஜே ஆஃப்ரிகா பம்பாட்டாவும் அவருடைய ஜூலு நேஷன் அமைப்பும் பரப்பியது. ஐந்தாவதாக அவர்கள் வைத்தது அறிவை. பீட்பாக்ஸர்கள் தங்களுடையதே ஐந்தாவது கூறு என்பார்கள். பிராங்க்ஸின் ராப்பர் கேஆர்எஸ்-ஒன் 2003இல் ஒன்பது கூறுகளை ஒரு பாடலாகவே அடுக்கியபோது பீட்பாக்ஸை அதில் சேர்த்தார். எண் எதுவானாலும் எனக்குக் கவலையில்லை. டிஜேயின் தாளமும் ராப்பரின் வாயும் ஒரே உடம்பில் சந்திக்கும் இடம் இது ஒன்றுதான் என்பதால், இதை வெளியே நிறுத்திவிட்டுப் போடும் எந்தப் பட்டியலையும் நான் ஏற்கமாட்டேன். மிமிக்ரியா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மிமிக்ரி, கேட்ட ஒலியை அடையாளம் காட்டியதும் முடிந்துவிடுகிறது. பீட்பாக்ஸர் அந்த ஒலியை வைத்து வாசிக்கத் தொடங்குகிறார்.

கேட்கத் தொடங்குவதற்கு ஒரு வரிசை கேட்டால் இதைச் சொல்வேன். முதலில் 'லா டி டா டி', ஹெட்ஃபோனில், ராப்பைக் கவனிக்காமல் பின்னாலிருக்கும் வாயை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை. அடுத்து ஃபேட் பாய்ஸின் 1984 ஆல்பத்தில் பஃபி தனியாக வரும் இடங்கள், மூச்சுக்காக. பிறகு பிஸ் மார்க்கியின் 1986 பாடல். ராஸெலின் அந்த நேரடிப் பதிவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய மூன்றையும் கேட்டபின், அவர் யார் யாரிடமிருந்து எதை எதை எடுத்தார் என்று உங்கள் காதே சொல்லிவிடும்.